மலேரியா மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், அம்மிணி?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31, எடை 48 கிலோ. காங்கயம் பக்கம் கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். போன பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்குப் போய் வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து இரண்டு கன்னமும் சிவந்து எரிந்தது. அதற்கு முன்பே தலையிலும் இடது காதுக்குள்ளும் காசு அளவுக்குப் படை இருந்தது. தலையில் அந்த இடத்தில் முடி இல்லை. புழுவெட்டு என்று மாமியார் சின்ன வெங்காயம் தேய்த்துவிட்டார். முகத்துக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். போட்டால் அடங்குகிறது, விட்டால் வந்துவிடுகிறது. அதனால் ஐந்து மாதமாக விடாமல் போடுகிறேன். தோல் டாக்டர் ஒருவர் சதை எடுத்துப் பார்த்து ‘டிஸ்காய்டு லூபஸ்’ என்றார். ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 தினம் ஒன்று எழுதிக்கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டும் குறையவில்லை. அது மலேரியா மாத்திரை, கண் போய்விடும் என்று எல்லோரும் சொன்னதால் நிறுத்திவிட்டேன். ஏஎன்ஏ டெஸ்ட் 1:80 பாசிட்டிவ். காலையில் விரல் மடக்க வலிக்கிறது. போனில் தேடினால் காசநோய் என்றும் வருகிறது. இது ஒட்டுவாரொட்டியா? ஐந்து வயதுப் பையனைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா? இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படலாமா? முகப் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: பையனைப் பக்கத்தில் படுக்க வையுங்கள். கட்டிப்பிடித்தே படுங்கள். லூபஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் முகம் துடைத்தாலும், ஒரே சோப்பைப் போட்டாலும் யாருக்கும் போகாது. கிருமியால் வருகிற நோயே இல்லை இது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் நம் தோலையே அடிப்பதுதான் லூபஸ். வீட்டுக் காவலுக்கு விட்ட நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி. ஏன் கடிக்கிறது என்பதற்கு மரபணு, ஹார்மோன், சூரிய ஒளி, சில மருந்துகள் என்று பல காரணங்கள் கூடி வருகின்றன. உடம்பு முழுக்கப் பாதிக்கும் லூபஸ் பத்துப் பேருக்கு இருந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. சாமி குத்தமும் இல்லை.

காசநோய்க் குழப்பம் பெயரால் வந்தது. லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்துக் குதறியதுபோல் முகத்தை அரிக்கும் புண் எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். தோலில் வரும் ஒரு வகைக் காசநோய்க்கு ‘லூபஸ் வல்காரிஸ்’ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது வேறு, ‘லூபஸ் எரித்திமட்டோசஸ்’. முதல் பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது.

சரி, இப்போது தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டிய மாத்திரையை மூன்று வாரத்தில் விட்டுவிட்டீர்கள். மூன்று வாரத்தில் விட்டிருக்க வேண்டிய கிரீமை ஐந்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்துவிட்டு வருகிறார்கள். கிரீம் மூன்று நாளில் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிறது, மாத்திரையோ மூன்று வாரமாகியும் ஒன்றும் காட்டுவதில்லை. யாராக இருந்தாலும் வேலை செய்கிற மாதிரி தெரிவதைத்தானே நம்புவார்கள்?

முதலில் உங்கள் தோலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்களுக்கு வந்திருப்பது ஒரே நோயின் இரண்டு முகங்களாக இருக்கலாம். படத்தில் சிவப்பு இரண்டு கன்னத்திலும் பரவி மூக்குத் தண்டின் மேல் பாலம் போட்டிருக்கிறது. ஆனால் மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு மட்டும் தப்பித்திருக்கிறது. அந்த மடிப்பு நிழலில் இருக்கிற இடம். பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி வரும் இந்தத் தடிப்பு லூபஸுக்கே உரியது. பொடுகோடு சேர்ந்து வரும் சிவப்பு அந்த மடிப்புக்குள்தான் முதலில் போய் உட்காரும். மங்கு சிவக்காது, எரியாது, பழுப்பாகப் படர்ந்திருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு லூபஸ் சிவப்பு புத்தகப் படத்தில் இருப்பதுபோல் தக்காளிச் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சில நேரம் வெறும் பழுப்பாகவே தெரியும். அதனாலேயே பலருக்கு மங்கு என்று சொல்லி வருஷக்கணக்கில் வெளுப்பு கிரீம் போட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் ஸ்டீராய்டு கிரீம் போட்ட முகமும் இப்படிச் சிவக்கும். படத்தில் இருப்பதில் லூபஸ் எவ்வளவு, கிரீமின் வேலை எவ்வளவு என்று நேரில் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

பண்ணாரிக்குப் போய்வந்து பத்து நாள் கழித்து வந்தது என்று எழுதினீர்களே, அது முக்கியமான தகவல். சாதாரண வெயில் அலர்ஜி சில மணி நேரத்திலோ மறுநாளோ வந்துவிடும், ஒரு வாரத்தில் போயும்விடும். லூபஸுக்குப் பொறுமை ஜாஸ்தி. வெயில் பட்டுப் பல நாள் கழித்து, சில நேரம் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரும். வந்தால் வாரக்கணக்கில் நிற்கும். அதனால்தான் நிறையப் பேர் வெயிலையும் தடிப்பையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. “நேத்து நான் வெயில்லயே போகலைங்களே” என்பார்கள். நேற்றைக் கேட்கவில்லை அம்மிணி, போன வாரத்தைக் கேட்கிறேன்.

இந்தக் கன்னச் சிவப்பு தழும்பு விடாது. நோய் அடங்கினால் தோல் பழையபடி ஆகிவிடும், கறை மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். எனக்குக் கவலை தருவது தலையிலும் காதுக்குள்ளும் இருக்கும் காசுப் படைதான். டிஸ்காய்டு என்றால் வட்டத் தகடு போன்றது என்று பொருள். இந்த வகை தோலின் வேரைத் தின்றுவிட்டுப் போகும். அதன் மேல் ஒட்டியிருக்கும் செதிலை நான் இடுக்கியால் மெல்ல உரித்துத் திருப்பிக் காட்டுவேன். அடிப்பக்கம் பொடிப்பொடியாக முள் நீட்டிக்கொண்டிருக்கும், நெருஞ்சியைக் கவிழ்த்த மாதிரி. ஒவ்வொரு முள்ளும் ஒரு மயிர்க்காலுக்குள் அடைத்துக்கொண்டிருந்த அடைப்பு. காதுக் குழிக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் இதே அடைப்புகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கு என்று நினைத்துக் குடைந்துவிட வேண்டாம். மயிர்க்கால் முதலில் அடைபடும், பிறகு சாகும், அந்த இடம் தழும்பாகும். நடுவில் வெளுத்து, ஓரம் கறுத்து, வழவழப்பாகிவிட்ட பிறகு அங்கே முடி முளைக்காது.

புழுவெட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். புழுவெட்டில் தோல் நன்றாக இருக்கும், உற்றுப் பார்த்தால் மயிர்க்காலின் துவாரங்கள் தெரியும், பெரும்பாலும் முடி தானாகவே திரும்ப வரும். வெங்காயம் தேய்த்தேன், வந்துவிட்டது என்று வெங்காயத்துக்குப் பேர் கிடைப்பது அப்படித்தான். டிஸ்காய்டில் வெங்காயம் தேய்த்தால் தோல் இன்னும் புண்ணாகும். இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சிராய்த்த இடத்தில், உரசிய இடத்தில், சூடு பட்ட இடத்தில் புதுப் படை கிளப்பும். அதனால் முகத்தில் கடலை மாவையோ மஞ்சளையோ அழுத்தித் தேய்க்காதீர்கள். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தேய்க்கிற தேய்ப்புதான் வேண்டாம். மாமியாரிடம் கோபப்படவும் வேண்டாம், ஏனென்றால் அவர் செய்த தப்பை நானே செய்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உச்சந்தலையில் சின்னப் படையோடு வந்தாள். பூஞ்சைக் காளான் என்று முடிவுகட்டி இரண்டு மாதம் அதற்கு மாத்திரை கொடுத்தேன். மூன்றாவது மாதம் சதை எடுத்துப் பார்த்தபோது டிஸ்காய்டு என்று வந்தது. அதற்குள் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வகிடு மாற்றி எடுத்து அதை மறைத்துக்கொள்கிறாள். அவள் ரூமுக்குள் வரும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த வகிட்டுக்குத்தான் போகும்.

ஆகவே உங்கள் தலையில் தழும்பாகிவிட்ட நடுப்பகுதியைப் பற்றி நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் அதைச் சுற்றி இன்னும் சிவந்து, செதில் விட்டுக்கொண்டிருக்கும் ஓரம் இருக்கிறதே, அங்கே உயிர் இருக்கிறது. இப்போது அவசரம் அந்த ஓரத்துக்காகத்தான்.

இனி அந்த மாத்திரை. மலேரியா மாத்திரை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 1894-லேயே லண்டனில் பெய்ன் என்ற டாக்டர் லூபஸுக்குக் கொய்னா என்ற பழைய மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் மலேரியா வராமல் இருக்கச் சிப்பாய்களுக்கு மெபாக்ரின் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். 1951-ல் பேஜ் என்ற ஆங்கில டாக்டர் அந்த மெபாக்ரினை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துத் தோல் தேறியதைப் பதிவு செய்தார். அதில் ஒரு தொல்லை, சாப்பிடுகிறவரின் தோல் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிடும். பிறகு அதைவிடச் சாதுவான ஹைட்ராக்சிகுளோரோகுயின் வந்தது. 1955-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததிலிருந்து இன்றுவரை லூபஸ் வைத்தியத்தில் முதலில் எழுதும் மாத்திரை அதுதான். மலேரியாவை விட்டு அது விலகி எத்தனையோ காலமாகிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கும் என்று நம்பி ஊரே இதை வாங்கிக் குவித்தபோது, தினம் இதைச் சாப்பிட்டே ஆக வேண்டிய லூபஸ்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் பெருந்துறையில் ஆரம்பித்து ஆறு மெடிக்கல் ஏறி இறங்கி இரண்டு அட்டை வாங்கினார். கடைசியில் கொரோனாவுக்கு அது உதவவில்லை என்று ஆனது.

இந்த மாத்திரை நிதானமாகத்தான் வேலை செய்யும். ஆறு வாரத்துக்கு முன் ஒரு மாற்றமும் தெரியாமல் போகலாம். முழுப் பலனைப் பார்க்க மூன்று மாதமாவது வேண்டும். நீங்கள் மூன்று வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளை நட்டுவிட்டு ஆவணியிலேயே தோண்டிப் பார்த்த கதைதான்.

கண் போய்விடும் என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வருஷக்கணக்கில், அளவு மீறிச் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கும். அளவு என்ன? உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீங்கள் 48 கிலோ, ஆக 240 மில்லிகிராம் வரை போகலாம். உங்களுக்கு எழுதியது 200. உங்கள் டாக்டர் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார். இந்த அளவுக்குள் சாப்பிடுகிறவர்களில் முதல் ஐந்து வருஷத்தில் விழித்திரை பாதிப்பு வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, பத்து வருஷத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருஷம் தாண்டினால் ஏறிவிடும். அதனால்தான் ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டி விழித்திரையைப் பார்த்து வைத்துக்கொள்கிறோம். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வருஷம் ஒரு தடவை விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப் பரப்பு டெஸ்ட்டும் எடுக்கிறோம். உங்களுக்குப் பார்வையில் எதுவும் தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், முன்பே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஆரம்பத்தில் குமட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய், நிறுத்திவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லித் திரும்ப ஆரம்பியுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்யும் ஒருவர் கீழுதட்டில் டிஸ்காய்டோடு என்னிடம் வந்துகொண்டிருந்தார். மாத்திரை ஆறு மாதமாகியும் அசையவில்லை. பீடியை விட்ட பிறகுதான் உதடு ஆறத் தொடங்கியது. புகை பிடிக்கிறவர்களுக்குத் தோல் லூபஸ் முரண்டு பிடிக்கும். பழைய டிஸ்காய்டுத் தழும்பில், முக்கியமாக உதட்டில், ரொம்ப நாள் கழித்து அபூர்வமாகப் புற்றுநோய் வருவதும் உண்டு. ஆறாத புண்ணோ புதிதாகத் தடிப்பதோ தெரிந்தால் காட்டிவிட வேண்டும்.

அந்த மெடிக்கல் ஷாப் கிரீம். நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் போட்டால் மூன்று நாளில் அடங்கி விட்டால் திரும்ப வருவது ஸ்டீராய்டு கலந்ததாகத்தான் இருக்கும். 2018-லேயே மத்திய அரசு இப்படிப் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் போட்டுவிட்டது. கடையில் போய்க் கேட்டால் இன்னும் கிடைக்கிறது, என்ன செய்ய? நான் ஸ்டீராய்டுக்கு எதிரி இல்லை. தோல் லூபஸுக்கு அது முதல் வரிசை மருந்துதான். எந்த இடத்தில், எந்த வீரியம், எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உச்சந்தலைத் தோலும் டிஸ்காய்டுப் படையும் தடித்தவை, அங்கே குளோபெட்டசால் போன்ற வீரியமானதைக் குறிப்பிட்ட வாரங்களுக்குப் போட்டே ஆக வேண்டும். அடங்காவிட்டால் படைக்குள்ளேயே சின்ன ஊசியால் ஸ்டீராய்டு போடுவோம், நாலு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முடியைக் காப்பாற்றுவதில் அதற்கு நிகர் கிடையாது. முகத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அங்கே வீரியமான கிரீமை மாதக்கணக்கில் போட்டால் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு கிளம்பி, பூனை முடி வளர்ந்து, வெயில் பட்டாலே தீயாக எரியும். உங்கள் படத்தில் வலது கன்னத்து நரம்புக் கோடுகள் எனக்கு அந்தச் சந்தேகத்தைத் தருகின்றன. ஆனால் நாளைக் காலையிலேயே தூக்கி எறியாதீர்கள். திடீரென்று விட்டால் முகம் முன்பைவிட மோசமாகச் சிவந்து வீங்கி உங்களைத் திரும்ப அந்த டியூப்புக்கே ஓட வைக்கும். டாக்டர் படிப்படியாக வீரியத்தைக் குறைத்து, டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத ஆயின்மென்டுக்கு மாற்றுவார். அது முதல் நாலைந்து நாள் எரியும். மிளகாய் பட்ட மாதிரி இருக்கிறது என்று பயந்து விட்டுவிட வேண்டாம், எரிச்சல் தானாகக் குறைந்துவிடும்.

மாத்திரையும் பூச்சும் போதாத நிலை வந்தால் அடுத்த படிகள் உண்டு. மெத்தோட்ரெக்சேட், மைக்கோபீனோலேட் என்று வரிசையாக இருக்கின்றன. 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் என்ற ஊசி தோலுக்கு நன்றாகவே கேட்கிறது, விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. யாராவது உங்களுக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையின் மேல் ‘திங்கள் மட்டும்’ என்று பேனாவால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வெயில். எந்த மருந்தைப் போட்டாலும் வெளிச்சத்துக்கு அணை போடாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். நம் பக்கம் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து காங்கயம், தாராபுரமெல்லாம் ஜில்லென்று இருக்கும். சேலை முந்தானை நிற்காது. வெயிலே தெரியவில்லை என்று தலையில் ஒன்றும் போடாமல் வண்டியில் போவோம். காற்று சூட்டைத்தான் அடித்துப் போகும், புற ஊதாக் கதிரை அடித்துப் போகாது. மேகம் மூடினாலும் அது ஓரளவுக்குக் கீழே வந்துகொண்டேதான் இருக்கும். அடுப்பு அனலில் புற ஊதாக் கதிர் இல்லை, ஆனாலும் மேலே சொன்ன மாதிரி சூடும் இந்த நோயைக் கிளப்பலாம், முகத்தை அனலுக்குத் தள்ளியே வையுங்கள். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டுவிடுங்கள். கண்ணாடி சாத்தியிருந்தாலும் புற ஊதா ‘ஏ’ கதிர் அதில் பெரும்பகுதி புகுந்து வரும், லூபஸைக் கிளப்ப அது போதும்.

துணி விஷயத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செக்கிங் டேபிளில் துணியை லைட்டில் பிடித்து ஓட்டை பார்க்கிறீர்களே, அதேபோல் உங்கள் துப்பட்டாவைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று தெரிந்தால் சூரியனும் அப்படியே உள்ளே வரும். மெல்லிசாகப் பிளீச் செய்த வெள்ளைப் பருத்தியைவிட, நெருக்கமாகப் பின்னி ஆழ்ந்த சாயம் ஏறிய துணி நன்றாகத் தடுக்கும். ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம், கூடினால் காப்பு கூடும். நீளக் கை போட்ட, கறுநீலமோ அரக்கோ ஆன ஒரு பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வண்டியில் போகும் பெண்களை நம் ரோட்டில் தினம் பார்க்கிறோம். அழகு குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

துணி மறைக்காத முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30-க்கு மேல், 50 இருந்தால் நல்லது, ‘ஏ’ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் ஒரு பொட்டு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டு வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு தடவை. பிறகு வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 50 கிராம் டியூப் உங்களுக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடவே இல்லை என்று அர்த்தம். செலவுதான், அதனால்தான் துணியை முதலில் சொன்னேன். வெயிலை இப்படித் தவிர்க்கும்போது வைட்டமின் டி குறையும், ரத்தத்தில் பார்த்து மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம்.

விரல் வலிக்கு வருகிறேன். டிஸ்காய்டு மட்டும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தோலோடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும், நூற்றில் ஐந்து முதல் இருபது பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள், உடம்பின் உள்ளுறுப்புகளுக்கும் போகும். படை கழுத்துக்குக் கீழேயும் பரவியவர்களுக்கு அந்த வாய்ப்பு கூட. ஏஎன்ஏ என்பது காவல்படை நம் உடம்பின் மேலேயே திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட். அது 1:80 என்பதை வைத்து மட்டும் நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒரு நோயும் இல்லாதவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்காவது அந்த அளவு வரும். ஆனால் உங்களுக்குக் கன்னத் தடிப்பு இருக்கிறது, காலையில் விரல் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தோல் டாக்டரோடு நிறுத்தாமல் மூட்டுவாத டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுவது நல்லது. ரத்த அணுக்கள், கிரியேட்டினின், டிஎஸ்டிஎன்ஏ, சி3, சி4, ஆன்ட்டி ரோ என்று ரத்த டெஸ்ட்டுகளை அவர்கள் எழுதுவார்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம் சிறுநீர் டெஸ்ட். லூபஸ் சிறுநீரகத்துக்குள் சத்தமில்லாமல் நுழையும், வலிக்காது. புரதம் ஒழுகுகிறதா என்று மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டால், வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலில் வீக்கம் வந்தாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் நீடித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். கண்ணாடி முன் வாயைத் திறந்து மேலண்ணத்தையும் பாருங்கள். லூபஸ் புண் அங்கே வலியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது குழந்தை? தாராளமாக. நோய் அடங்கி ஆறு மாதமாவது அமைதியாக இருந்த பிறகு திட்டமிடுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் நிறுத்தக் கூடாது, பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் பொங்குகிறது. மேலே சொன்ன மெத்தோட்ரெக்சேட்டும் மைக்கோபீனோலேட்டும் மட்டும் கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது, அவை உள்ளே போனால் கருத்தடை அவசியம், நிறுத்திச் சில மாதம் இடைவெளி விட வேண்டும். ஆன்ட்டி ரோ டெஸ்ட்டை இப்போதே எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். அது பாசிட்டிவாக உள்ள தாய்மாரில் நூற்றில் இரண்டு பேரின் குழந்தைக்கு இதயத் துடிப்பு மந்தப்படும் கோளாறு வரலாம். முன்பே தெரிந்தால் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் கண்காணிப்பார்கள்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை. கத்திரிக்காய், கருவாடு என்று யாராவது பட்டியல் கொடுத்தால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஆனால் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று விற்கும் பொடிகளும் மாத்திரைகளும் வேண்டாம். உங்களுக்கு அந்தச் சக்தி குறைந்ததால் நோய் வரவில்லை, அது தடம் மாறியதால் வந்தது. அதிலும் ஆல்ஃபால்ஃபா என்று டப்பாவில் விற்பதைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஒரு பொருள் லூபஸைக் கிளப்பிவிடும் என்பது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். ஆல்ஃபால்ஃபா வேறு எதுவும் இல்லை, நம் தோட்டத்தில் மாட்டுக்கு அறுத்துப் போடும் குதிரைமசால்தான். மாடே தின்னட்டும்.

டாக்டரிடம் போகும்போது தலைக்கு எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் போங்கள். காதுத் தோட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். சதை எடுத்த ரிப்போர்ட்டோடு அந்த மெடிக்கல் ஷாப் டியூப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிதுக்கித் தீர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும்.